முகங்களைத் தேடிச் சென்ற வண்டிகள்

புகைப்படக்கலையின் வரலாற்றை எழுதியவர்களில் பெரும்பாலானவர்கள் கமராவின் வரலாற்றையே எழுதியிருக்கிறார்கள். வில்லை எவ்வாறு செம்மையடைந்தது, கண்ணாடித்தகட்டின் இடத்தைப் பிலிம் எவ்வாறு பிடித்துக்கொண்டது, பிலிமை டிஜிட்டல் எவ்வாறு வீட்டுக்கு அனுப்பியது என்பவை குறித்தெல்லாம் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஆனால், அந்தக் கமராவை மனிதர்கள் வாழ்ந்த இடங்களுக்குக் கொண்டுசென்ற வண்டிகளைப் பற்றி அங்குமிங்குமாகச் சில வரிகளே கிடைக்கின்றன. வண்டி என்பது பயணச் செலவுக் கணக்கில் வரவேண்டிய விடயமே தவிர, கலை வரலாற்றில் வரவேண்டியது அல்ல என்று அந்த ஆசிரியர்கள் நினைத்திருக்கலாம்.

மூன்று தசாப்தங்களுக்கும் மேலாகப் பத்திரிகைத்துறையில் இருந்து, புகைப்படப்பிடிப்பாளர்களுடன் பல வகையான வாகனங்களில் பயணம் செய்தவன் என்ற முறையில் என்னால் அந்தக் கருத்தை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஸ்டூடியோவில் எடுக்கப்படும் உருவப்படத்துக்காக மனிதர் புகைப்படக்காரரிடம் செல்கிறார். தலைவாரி, நல்ல உடை உடுத்தி, தான் எவ்வாறு தோன்றவேண்டும் என்று ஓரளவுக்குத் தானே தீர்மானித்துக்கொண்டு செல்கிறார். அவருடைய வீட்டு வாசலிலோ வயலிலோ எடுக்கப்படும் உருவப்படத்துக்குப் புகைப்படக்காரரே அவரிடம் செல்லவேண்டும். அவர் எதில் வந்து இறங்குகிறார், எவ்வளவு நேரம் தங்குகிறார், எடுத்த படத்துடன் மறுபடியும் வருகிறாரா என்ற மூன்று கேள்விகளுக்கான விடையும் அவர் தெரிவுசெய்த வாகனத்தில் பெரிதும் தங்கியிருக்கிறது. 170 வருடகால வரலாற்றில் சில உதாரணங்களை நோக்கினால் இது தெளிவாகும்.

இருட்டறையை இழுத்துச் சென்ற குதிரைகள்

1851 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையை அறிமுகப்படுத்தினார். கண்ணாடித்தகட்டில் கொலோடியனைப் பூசி, இருட்டில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் காய்வதற்கு முன்னரே படமெடுத்து, உடனடியாகக் கழுவிவிடவேண்டும். இவை அனைத்துக்கும் சுமார் பத்து, பதினைந்து நிமிடங்களே அவகாசம். வெப்பமான இடமாக இருந்தால் அதுவும் இல்லை. எனவே, ஊருக்கு வெளியே படமெடுக்க விரும்பியவர் தனது இருட்டறையையும் கையோடு கொண்டுசெல்லவேண்டியிருந்தது. புகைப்படக்காரருக்கு வண்டி தவிர்க்கமுடியாத தேவையாக மாறியது அப்போதுதான்.

இந்த வண்டிகளில் மிகவும் புகழ்பெற்றது ரொஜர் ஃபென்டனுடையது. சட்டம் படித்தவரான ஃபென்டன் 1853 இல் லண்டனில் தொடங்கப்பட்ட புகைப்படச் சங்கத்தின் முதற் செயலாளர். மன்செஸ்டரைச் சேர்ந்த பதிப்பாளர்களின் ஆதரவுடன் 1855 மார்ச்சில் கிரைமியப் போர்க்களத்தில் வந்திறங்கிய அவர், வைன் வியாபாரி ஒருவரின் பழைய வண்டியை வாங்கி இருட்டறையாக மாற்றிக் கப்பலில் ஏற்றிவந்திருந்தார். 5 கமராக்கள், 700 கண்ணாடித்தகடுகள், 36 பெட்டிகள் ஆகியவற்றுடன் வந்த அந்த மனிதருக்குப் போர்க்களத்தில் ஏற்பட்ட முதலாவது பிரச்சினை வண்டியை நகர்த்துவதாகவே இருந்தது. சேற்றில் புதையும் பாதையில் அதனை இழுப்பதற்கு இராணுவத்தின் குதிரைகளும் ஆட்களும் தேவைப்பட்டன. அதிகாரிகளோ ஊருக்கு அனுப்புவதற்குத் தங்களைப் படமெடுத்துத் தருமாறு அவரை மொய்த்தார்கள். படமெடுக்க மறுத்தால் வண்டியை நகர்த்துவதற்கு உதவி கிடைக்காது என்று அவரே தனது கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் எடுத்த சுமார் 360 படங்களில் பெரும்பகுதி அதிகாரிகளின் உருவப்படங்களாக அமைந்ததற்குப் பல காரணங்கள் கூறப்படுவதுண்டு. வண்டியின் பாரமும் அவற்றில் ஒன்று என்பதை எவரும் கவனிப்பதில்லை.

அந்த வண்டி வேறொரு பாடத்தையும் கற்பித்தது. தூரத்தில் இருந்து பார்த்த ரஷ்யப் பீரங்கிப் படையினருக்கு அது வெடிமருந்து வண்டியாகத் தோன்றியது. அதனை நோக்கிக் குண்டுகள் வந்தன. 1855 ஏப்ரில் 23 ஆம் திகதி, ஆபத்தான பள்ளத்தாக்கு ஒன்றுக்குப் புறப்படுவதற்கு முன்னர் ஃபென்டனின் உதவியாளர் மார்க்கஸ் ஸ்பார்லிங் வண்டியின் சாரதி ஆசனத்தில் அமர்ந்து ஒரு படம் எடுக்கவைத்தார். வண்டி திரும்பி வராமற்போகலாம் என்ற எண்ணத்திலேயே அந்தப் படம் எடுக்கப்பட்டது. வண்டி திரும்பி வந்தது. ஆனால், கோடை தொடங்கியதும் அதன் உள்ளே தாங்கமுடியாத வெப்பம். அதிகாலை வேளைகளில் மாத்திரமே வேலைசெய்யக்கூடியதாக இருந்தது. ஜூனில் ஃபென்டன் கிரைமியாவில் இருந்து நாடு திரும்பப் புறப்பட்டார்.

அதற்கு ஆறு வருடங்களுக்குப் பின்னர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் மத்தியு பிரேடியின் ஆட்கள் இதேபோன்ற கறுப்புத்துணி மூடிய வண்டிகளில் திரிந்தார்கள். அந்த வண்டிகளைக் கண்ட படைவீரர்கள் "அது என்ன?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கேட்டு, அந்தக் கேள்வியே வண்டியின் பெயராகிவிட்டது. பிரேடியின் பெயரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால், அதே போர்க்களங்களில் படைமுகாம்களைப் பின்தொடர்ந்து கூடாரமடித்த பெயர் தெரியாத புகைப்படக்காரர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் மெல்லிய இரும்புத்தகட்டில் எடுத்த மலிவான உருவப்படங்கள் சில நிமிடங்களிலேயே படைவீரனின் கைக்குக் கிடைத்தன. அவன் அதனைக் கடிதத்துடன் தாய்க்கோ மனைவிக்கோ அனுப்பினான். பிரேடியின் வண்டி படங்களை நாட்டுக்காகக் கொண்டுசென்றது. கூடாரக்காரன் படத்தை அதற்குரியவனிடமே கொடுத்துவிட்டுப் போனான். புகைப்படக்கலையின் இந்த இரண்டு வழிகளும் அன்று தொடக்கம் இன்று வரை சமாந்தரமாகவே சென்றுகொண்டிருக்கின்றன.

பெயரற்ற முகங்களும் ஒரு சைக்கிளும்

இலங்கைக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 19 ஆம் நூற்றாண்டின் மிகச்சிறந்த உருவப்படக் கலைஞர்களில் ஒருவரான ஜூலியா மார்கரட் கமரன் 1875 இல் கணவருடன் இங்கு வந்து குடியேறினார். அவர்களது குடும்பத்துக்கு மலையகத்தில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தில் டார்வின், டெனிசன், ஹேர்ஷல் போன்றோரை நெருக்கமாகப் படமெடுத்த அந்தப் பெண்மணி, களுத்துறையிலும் தோட்டப் பகுதியிலும் தன்னைச் சுற்றி வாழ்ந்த சாதாரண மக்களைப் படமெடுத்தார். அவற்றில் 30 க்கும் குறைவானவையே எஞ்சியிருக்கின்றன. 1877 இல் களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த்தின் படங்களும் அவற்றில் அடங்கும். 1879 இல் திக்கோயாவில் காலமான கமரனின் கல்லறை பொகவந்தலாவை தேவாலயத்தில் இருக்கிறது.

அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒரு விடயம் உறுத்தும். இங்கிலாந்துப் படங்களின் கீழே பெயர்கள் இருக்கின்றன. மரியான் நோர்த்துக்கும் பெயர் இருக்கிறது. அதே கமராவின் முன்னால், அதே பொறுமையுடன் அசையாமல் நின்ற இலங்கையர்களுக்குப் பெயர் இல்லை. 'விவசாயிகள்', 'இளம் பெண்' என்ற பொதுச்சொற்களே அவர்களுக்குக் கிடைத்தன. படமெடுக்கப்பட்டவருக்கு ஒரு பிரதியாவது கிடைத்ததா என்பதையும் எந்தப் பதிவும் கூறவில்லை.

இதற்கு நேர்மாறான வண்டி ஒன்றை ஜேர்மனியில் காணலாம். ஒகஸ்ட் சாண்டர் 1876 இல் வெஸ்டர்வால்ட் மலைப்பகுதிக்கு அண்மையில் பிறந்தவர். 1910 அளவில் கொலோன் நகரில் ஸ்டூடியோ ஆரம்பித்தபோது போதிய வாடிக்கையாளர்கள் கிடைக்கவில்லை. எனவே, கமராவையும் கண்ணாடித்தகடுகளையும் கட்டிக்கொண்டு சைக்கிளில் வெஸ்டர்வால்ட் கிராமங்களுக்குப் போய், விவசாயிகளின் குடும்பப் படங்களை எடுத்துக் கொடுத்தார். அவருக்கு அந்த மக்களின் பேச்சுவழக்கு தெரியும். சைக்கிளில் வந்தவர் அவர்களுக்கு அந்நியராகத் தோன்றவில்லை. 1914 இல் நடன விழாவுக்குப் போய்க்கொண்டிருந்த மூன்று இளம் விவசாயிகளை வயல்வெளிப் பாதையில் நிறுத்தி அவர் எடுத்த படம் உலகப் புகழ்பெற்றது. பிற்காலத்தில் ஜேர்மன் சமுதாயம் முழுவதையும் முகங்களால் பதிவுசெய்யும் மாபெரும் திட்டமாக விரிந்த பணிக்கு அந்தச் சைக்கிள் சவாரிகளே அடித்தளமாக அமைந்தன. அந்தத் திட்டத்தின் முதல் அறுவடையாக 1929 இல் வெளிவந்த நூலின் அச்சுத்தகடுகளை 1936 இல் நாஜி அரசாங்கம் அழித்தது. தாங்கள் விரும்பிய முகங்களை மாத்திரமே ஜேர்மன் முகங்களாகக் காட்ட நினைத்தவர்களுக்குச் சாண்டரின் முகங்கள் பொருந்தவில்லை.

திரும்பிய கார், பழுதடைந்த கார்

வாகனத்தின் கதையும் உருவப்படத்தின் கதையும் ஒன்றாகப் பின்னிப்பிணைந்த சம்பவம் 1936 மார்ச்சில் கலிபோர்னியாவில் நிகழ்ந்தது. டொரோதியா லாங் அமெரிக்க அரசாங்கத்தின் மீள்குடியேற்ற நிர்வாகத்துக்காகப் படமெடுத்துக்கொண்டிருந்தார். ஏழு வயதில் போலியோவினால் பாதிக்கப்பட்டு ஒரு காலைச் சாய்த்து நடந்த அவருக்குக் கார் வெறும் வசதி அல்ல. அது அவருடைய கால். சில வேளைகளில் காரின் கூரையே அவருடைய மேடை. கார்க்கூரையின் மீது பெரிய கமராவுடன் அவர் அமர்ந்திருக்கும் அதே வருடத்துப் படமொன்று இன்றும் பரவலாகப் பார்க்கப்படுகிறது.

ஒரு மாதகால வேலை முடிந்து வீடு நோக்கி மழையில் காரோட்டிக்கொண்டிருந்தபோது, நிப்போமோ என்ற இடத்தில் பட்டாணி பறிப்பவர்களின் முகாம் இருப்பதாகக் காட்டும் பலகையைக் கடந்துசென்றார். ஏறக்குறைய 20 மைல் தூரம் தனக்குள் வாதாடிக்கொண்டே போன பின்னர் காரைத் திருப்பி வந்தார். அங்கு குழந்தைகளுடன் அமர்ந்திருந்த ஒரு தாயைச் சில படங்கள் எடுத்தார். பெயரைக் கேட்கவில்லை. சுமார் பத்து நிமிடங்களில் புறப்பட்டுவிட்டார். அந்தப் படங்கள் 'சான் பிரான்சிஸ்கோ நியூஸ்' பத்திரிகையில் வெளிவந்ததும் அரசாங்கம் அந்த முகாமுக்கு 20,000 இறாத்தல் உணவை அனுப்பியது. ஒரு பத்திரிகைப் படம் செய்யக்கூடிய ஆகக்கூடிய நன்மை அது. ஆனால், உணவு போய்ச்சேர்ந்தபோது படத்தில் இருந்த குடும்பம் அங்கு இல்லை.

அந்தத் தாய் யார் என்பது 1978 இல்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அவர் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன். செரோக்கி பூர்வகுடி வம்சாவளியினர். படமெடுக்கப்பட்டபோது வயது 32. அவரது குடும்பம் அந்த முகாமில் தங்கியிருந்ததற்குக் காரணமே ஒரு வாகனம்தான். அவர்களுடைய ஹட்சன் கார் வழியில் பழுதடைந்தது. ஆண்கள் அதனைத் திருத்துவதற்கான வேலையாக நகரத்துக்குப் போயிருந்த நேரத்தில் லாங் வந்து போய்விட்டார். கார் சரியானதும் குடும்பம் தன் வழியே போய்விட்டது. உணவு வாங்குவதற்காகக் காரின் டயர்களை அவர்கள் விற்றுவிட்டார்கள் என்று லாங் 1960 இல் எழுதினார். அதனைக் குடும்பத்தினர் பின்னர் மறுத்தார்கள். டயர்களை விற்றிருந்தால் அங்கிருந்து எவ்வாறு புறப்பட்டுப் போயிருக்க முடியும் என்பது அவர்களுடைய கேள்வி. ஒரு பிரதி அனுப்புவதாகக் கூறிச்சென்ற லாங் அதனை அனுப்பவில்லை என்பது தொம்சனின் மனக்குறை. அரசாங்கத்துக்குச் சொந்தமான அந்தப் படத்தினால் லாங்குக்கும் நேரடி வருமானம் கிடைக்கவில்லை என்பதையும் இங்கு கூறவேண்டும். தொம்சன் 1983 இல் காலமானார். 1998 இல் அவரது முகம் அமெரிக்காவின் 32 சத முத்திரையில் வெளிவந்தது.

லாங்கைக் குறைகூறுவது எனது நோக்கமல்ல. மழையில் 20 மைல் தூரம் திரும்பி வந்த புகைப்படக்காரர்கள் உலகில் அதிகம் பேர் இல்லை. ஆனால், ஒரு தடவை திரும்பிய கார் இரண்டாவது தடவையும் திரும்பியிருந்தால் அந்தப் பெண்ணுக்குப் பெயரும், டயர்க் கதைக்குத் திருத்தமும் 42 வருடங்கள் காத்திருக்கவேண்டிய தேவை ஏற்பட்டிருக்காது. செய்தியாளர்களாகிய எங்களுக்கு இது நன்கு தெரிந்த விடயம். முதலாவது பயணத்தில் செய்தி கிடைக்கும். உண்மை பெரும்பாலும் இரண்டாவது பயணத்திலேயே கிடைக்கும்.

மாடி பஸ்ஸில் வந்த ஸ்டூடியோ

போருக்குப் பிந்திய காலத்தில் ஸ்டூடியோவையே பெயர்த்தெடுத்துக்கொண்டு போகும் வழக்கம் தோன்றியது. இர்விங் பென் 1948 இல் பெரு நாட்டின் குஸ்கோ நகரில் உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவரின் ஸ்டூடியோவை நத்தார் காலத்தில் வாடகைக்கு எடுத்து மலைவாழ் மக்களைப் படமெடுத்தார். பின்னர் கூடார ஸ்டூடியோ ஒன்றைத் தயாரித்து நேபாளம், நியூகினி, மொரோக்கோ என்று கொண்டுசென்றார். ரிச்சர்ட் அவெடன் 1979 தொடக்கம் 1984 வரை அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பயணம்செய்து 752 பேரைப் படமெடுத்தார். அதற்குச் செலவான பிலிம் தாள்கள் சுமார் 17,000. வெள்ளைக் காகிதத்தைச் சுவரில் ஒட்டி, நேரடி வெயில் படாத நிழலில் ஆட்களை நிறுத்தினார். சுரங்கத் தொழிலாளியையும் நாடோடியையும் அவர்களுடைய சூழலில் இருந்து பிரித்தெடுத்து வெள்ளைப் பின்னணியில் காட்டியது சரியா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. எவ்வாறிருப்பினும், வெளியிடத்தில் உருவப்படம் எடுப்பவருக்கு நல்ல நிழலே முதன்மையான கருவி என்பதை அவெடன் ஐயத்துக்கிடமின்றி நிரூபித்தார்.

இவர்களைப்போல் பெரும் நிதியோ நிறுவனமோ பின்னால் இல்லாத ஓர் இளைஞரின் வண்டியே இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தமானது. டானியல் மெடோஸ் 1972 இல் மன்செஸ்டரின் மொஸ் சைட் பகுதியில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்து, வந்தவர்களை இலவசமாகப் படமெடுத்துக் கொடுத்தவர். அடுத்த வருடம், 21 வயதில், 1947 ஆம் ஆண்டுத் தயாரிப்பான பழைய லேலண்ட் மாடி பஸ் ஒன்றை வாங்கினார். அதுவே அவருக்கு வீடு, இருட்டறை, காட்சிக்கூடம். 1973 செப்டெம்பரில் தொடங்கி 14 மாதங்களில் சுமார் 10,000 மைல்கள் பயணம்செய்து, இங்கிலாந்தின் 22 நகரங்களில் 958 பேரைப் படமெடுத்தார். யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். கட்டணம் இல்லை. பிரதி அவர்களுக்கே.

ஒரு புகைப்படக்காரருக்கு மாடி பஸ் எந்தவகையில் பொருத்தமான வாகனம் என்று கேட்டால் பதில் கூறுவது கடினம். எரிபொருளைக் குடிக்கும், ஒடுங்கிய தெருவில் திரும்பாது, பாலங்களின் கீழே போகமுடியுமா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கவேண்டும். ஆனால், அதனைக் கண்டு எவரும் பயப்படவில்லை. சிறுவர்கள் ஓடிவந்தார்கள். வந்தது எதற்கு என்று விளக்கவேண்டிய வேலையில் பாதியைப் பஸ்ஸே செய்தது. இரண்டு தசாப்தங்களுக்குப் பிறகு மெடோஸ் உள்ளூர்ப் பத்திரிகைகளின் உதவியுடன் அந்த மனிதர்களில் பலரைத் தேடிக் கண்டுபிடித்து, மறுபடியும் படமெடுத்தார். முன்னர் கைகோத்து நின்ற சிறுவர்கள் நடுத்தர வயதினராக அதேபோன்று நின்றார்கள். அந்தச் சோடிப் படங்கள் அவ்வளவு மனதைத் தொடுவதற்குக் காரணம், போனவர் திரும்பி வந்ததுதான்.

பிரெஞ்சுத் திரைப்பட நெறியாளர் அக்னெஸ் வார்டாவும் ஜே.ஆர். என்ற கலைஞரும் 2017 இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் வரும் வானும் இந்தப் பரம்பரையைச் சேர்ந்ததே. கமராவைப்போன்று வர்ணம் தீட்டப்பட்ட அந்த வானுக்குள் அமர்ந்து படமெடுத்தால், ஆளுயரப் படம் அதன் பக்கவாட்டில் இருந்து அச்சாகி வெளியே வரும். அதனை அந்த மனிதரின் ஊர்ச் சுவரிலேயே ஒட்டினார்கள். வடபிரான்ஸின் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் எஞ்சியிருந்த கடைசிக் குடியிருப்பாளரான பெண் ஒருவர், தன் வீட்டு முகப்பில் தன் முகத்தைக் கண்டு கண்கலங்கும் காட்சியை மறக்கமுடியாது.

எமது வீதிகளில்

இதையெல்லாம் வாசித்துவிட்டு எமது நாட்டை நினைத்துப் பார்க்கும்போது வாகனத்தின் பொருள் வேறுவிதமாகக் கனக்கிறது. 1990 க்குப் பின்னரான பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் படக்காரர் கமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போனார். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் சில துளிகள் பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினார். அந்தப் புகையின் மணம் அக்காலத்தவர்களுக்கு மறக்காது. கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் அதே சைக்கிள்தான் வந்தது. அந்தப் படங்களில் எத்தனையோ, 1995 இடப்பெயர்விலும் பின்னர் வன்னியிலும் வீடுகளோடு அழிந்தன. கரையோரத்தில் 2004 டிசம்பரில் கடல் கொண்டுபோனது.

போர் முடிந்த பின்னர், அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்தவர்களுக்காகக் கிராமங்களில் நடமாடும் சேவைகள் நடத்தப்பட்டன. பாடசாலை ஒன்றில் மேசைகள் போடப்பட்டிருக்கும். நகரத்தில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்த புகைப்படக்காரர் ஒருவர் சுவரில் துணியைக் கட்டி, ஒவ்வொருவராக இருத்திப் படமெடுப்பார். அதைக் கலை என்று எவரும் கூறமாட்டார்கள். ஆனால், ஆல்பங்கள் அனைத்தையும் இழந்த குடும்பங்களில் அந்தச் சிறிய படமே வீட்டில் இருந்த ஒரேயொரு படம் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியிலும் சில நாட்களில் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் வீதியோரத்தில் போராட்டத்தை ஆரம்பித்தபோது, அவர்கள் நெஞ்சோடு அணைத்திருந்த படங்களைக் கூர்ந்து பார்த்தேன். பல, அடையாள அட்டைக்கு எடுத்த படங்களைப் பெருப்பித்தவை. சில, யாரோ ஒருவரின் கலியாணக் கூட்டத்தில் இருந்து வெட்டியெடுத்த தலைகள். பக்கத்தில் நின்றவரின் தோள் இன்னும் ஓரத்தில் தெரிந்தது. அந்தத் தாய்மாரில் பலர் விடை கிடைக்காமலேயே காலமாகிவிட்டார்கள். ஒரு காலத்தில் யாரோ ஒரு புகைப்படக்காரர் தன் சைக்கிளில் திரும்பி வந்து கையில் கொடுத்துவிட்டுப் போன பிரதி, இன்று ஒரு மனிதர் வாழ்ந்தார் என்பதற்கான சாட்சியாக இருக்கிறது.

இதனாலேயே, உருவப்படப் பணிக்கு எந்த வாகனம் பொருத்தமானது என்று இளம் புகைப்படப்பிடிப்பாளர்கள் கேட்கும்போது, எரிபொருளைப் பற்றி மாத்திரம் பேசி என்னால் நிறுத்திக்கொள்ள முடிவதில்லை. நடைமுறைக்கான விடயங்கள் எளிமையானவை. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் வான் ஒன்று வெயிலிலும் மழையிலும் கூரையாகும். பக்கக் கதவு இழுபடுமானால் ஒடுங்கிய ஒழுங்கையிலும் சாமான்களை இறக்கலாம். வாகனத்தின் நிழற்பக்கமே அவெடனின் சுவரைப்போன்று மென்மையான வெளிச்சத்தைத் தரும். வெளிர்நிற வாகனமாக இருந்தால் வெயில்படும் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கவும் உதவும். தளம் தாழ்வாக இருந்தால் முதுகு தப்பும். உள்ளே பூட்டிவைத்த வாகனம் நண்பகலில் என்ன வெப்பத்தை அடையும் என்பதை ஃபென்டன் 1855 இலேயே கண்டறிந்துவிட்டார். கமராவுக்கும் மின்கலத்துக்கும் அது இன்றும் கூடாது. தனியாளாக ஒரு கமராவுடனும் ஒரு விளக்குடனும் போகிறவருக்கு மோட்டார் சைக்கிளோ முச்சக்கர வண்டியோ போதும்.

ஆனால், வாகனம் அதனை ஓட்டிவருபவருக்கு முன்னரே பேசிவிடுகிறது. வெளிர்நிறம் வசதியானது என்று மேலே கூறினேன். கறுப்புக் கண்ணாடி போட்ட வெள்ளை வான் ஒன்று இந்த நாட்டில் என்ன பேசும் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஊடகவியலாளர்கள் உட்பட எத்தனையோ பேர் அத்தகைய வான்களில் கொண்டுசெல்லப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அது கடந்துபோனது என்று நகரத்தில் கூறலாம். வாசலில் அப்படியொரு வான் வந்து நின்றால், மகனைப் பறிகொடுத்த தாயின் முகம் கமராவை வெளியே எடுப்பதற்கு முன்னரே மாறிவிடும். அதற்குப் பிறகு எடுக்கப்படும் படம் அவருடைய முகத்தின் படமல்ல, பயத்தின் படம். கிரைமியாவில் பீரங்கிப் படையினர் ஃபென்டனின் வண்டியைத் தவறாக வாசித்தார்கள். இங்கே மக்கள் தங்கள் அனுபவத்தில் இருந்து சரியாகவே வாசிக்கிறார்கள். கண்ணாடிகள் உள்ளே இருப்பதைக் காட்டட்டும். முடிந்தால் பக்கவாட்டில் பெயரையும் தொழிலையும் தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதிவைப்பது நல்லது.

செலவு அடுத்த விடயம். 2022 எரிபொருள் நெருக்கடியில் வரிசைகளில் நின்றதும், கியூ.ஆர். அட்டைக்குக் கிடைத்த சில லீற்றர்களுடன் வாரத்தை ஓட்டியதும் எவருக்கும் மறந்திருக்காது. 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பிறகும், விலைகள் சாதாரண தொழிலாளி ஒருவருக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கவில்லை. கடனுக்கு வாங்கிய பெரிய வான், தவணைப் பணத்துக்காகப் பணக்காரக் கலியாணங்களைத் தவிர வேறெங்கும் போகமுடியாமல் தன் சொந்தக்காரரைக் கட்டிப்போடும். ஃபென்டனின் வண்டி அவரை அதிகாரிகளிடம் கட்டிப்போட்டதைப் போன்றதே இதுவும்.

இன்று மின்கலத்தில் இயங்கும் சிறிய அச்சுப்பொறி ஒன்று, தபாலட்டை அளவிலான படத்தை ஓரிரு நிமிடங்களில் தந்துவிடுகிறது. கைத்தொலைபேசிக்கு அனுப்பிய படம் தொலைபேசியோடு போய்விடும். காகிதத்தில் கொடுத்த படம் பெட்டிக்குள் இருக்கும். இடம்பெயர்ந்தால் மடிக்குள் இருக்கும். எனவே, வாகனத்தில் எதற்கு இடமில்லாமற் போனாலும் அந்த அச்சுப்பொறிக்கும், பெயர்களை எழுதிக்கொள்ளும் ஒரு கொப்பிக்கும் இடம் இருக்கவேண்டும். மிகுதியெல்லாம் பணத்தையும் பாதையையும் பொறுத்தது. ஓர் ஊருக்கு முதல் தடவை போவதற்கு இரவல் வண்டியே போதும். வாங்குவதானால், அதே ஊருக்கு இரண்டாவது தடவையும் போய்வரக் கட்டுப்படியாகின்ற வண்டியைப் பார்த்து வாங்கவேண்டும்.